கன்ட்ரோல் ஆள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்கிறது. அது சான்றிதழ்களுக்குள் சுகமாகப் படுத்திருக்கிறது. ஊரிலும் வீட்டிலும், இப்போது வேலை செய்கிற இடத்திலும்கூட, அவனுக்குப் பெயர் "பட்டம்". அப்பா கிணறு வெட்டுகிறவர். அப்பாவின் அப்பாவும் கிணறுதான் வெட்டினார். அதற்கு முந்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எப்படியும் கீழ்நோக்கித்தான் போயிருப்பார்கள். அந்த வம்சத்தில் மேலே ஏறிய முதல் ஆள் அவன். நுண்ணுயிரியலில் ஒரு பட்டம், அதன் மேல் இன்னொரு பட்டம். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெட்டிக்கடைக்காரர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். அவர் கேலியாகத்தான் கூப்பிட்டார். இவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அந்த விடுமுறை முழுக்க நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான். கேலியையும் பாராட்டையும் பிரித்துப் பார்க்கிற பாடம் இரண்டு பட்டத்திலும் இல்லை.

வேலை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கக் கட்டடத்தில். என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் ஆராய்ச்சி என்பான். பொய்யில்லை. ஆராய்ச்சி அங்கேதான் நடக்கிறது. இவன் அதன் வாசலில் உட்கார்ந்து மலம் வாங்கி வைக்கிறான். ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு ஃப்ரீசர்கள், ஒன்று உறுமும், இன்னொன்று முனகும். வெளியிலிருந்து டப்பாக்கள் வரும். நாலு பேர் இருக்கிற இடத்தில் பெயர் சொல்ல முடியாது என்பதால் அங்கே அதற்கு "பார்சல்" என்று பெயர். பார்சலைத் திறப்பது, முகத்தைச் சுளிக்காமல் இருப்பது, கொஞ்சம் எடுத்துச் சின்னக் குழாயில் போடுவது, எண் எழுதிய லேபிளை ஒட்டுவது, தட்டில் வரிசையாக நிறுத்தி ஃப்ரீசரில் வைப்பது. இரண்டு பட்டமும் இதற்குத்தான் ஆயிற்று. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவன் ஒட்டிய லேபிள் ஒன்றுகூட மாறியதில்லை. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. அதை மேடமும் கவனித்திருந்தார். மேடம்தான் அந்த ஆராய்ச்சியின் தலைவர். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் அவனை முனைவர் படிப்புக்குத் தன்னிடமே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சொன்ன அன்றைக்கே வீட்டுக்குப் போன் போய்விட்டது. மறுநாளே ஊரில் அவன் டாக்டர் ஆகிவிட்டான்.

எதற்கு டாக்டர் என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இவன் சொன்னது நினைவில் இருந்தது: வயிற்றுக்குள் இருக்கிற சின்னச் சின்ன உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி. அம்மா அதை, வயித்துப் பூச்சி டாக்டர் என்று சுருக்கிவிட்டாள். அதற்கப்புறம் இவன் ஊருக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேராவது வந்து நிற்பார்கள், பூச்சி மருந்து கேட்டு. அப்பா ஒரு படி மேலே போனார். பூச்சி இருந்தால் மருந்து கொடுத்துக் கொல்லவேண்டியதுதானே, அதை எதற்கு வருஷக்கணக்கில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். இவன் பொறுமையாக விளக்கினான். இது அந்தப் பூச்சி இல்லை; கண்ணுக்குத் தெரியாதது; கோடிக்கணக்கில் குடலுக்குள் குடித்தனம் இருப்பது; பெரும்பாலும் நல்லது செய்வது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். நல்லது செய்யறவங்களையாடா ஃப்ரீசர்ல போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க என்றார்.

அந்த ஆராய்ச்சி சாப்பாட்டோடு சண்டை பிடித்துக்கொண்டவர்களைப் பற்றியது. உடம்பு ஏறிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்குகிறவர்கள். ஒதுக்கி ஒதுக்கி ஒருநாள் கட்டவிழ்ந்து அள்ளித் தின்றுவிட்டு, அதற்காகத் தன்னையே தண்டித்துக்கொள்கிறவர்கள். அது கொழுப்பு இல்லை, நாகரிகம் இல்லை, நோய். அப்படிப்பட்டவர்களின் குடலுக்குள் குடியிருக்கிற கிருமிகளில் யார் கூடியிருக்கிறார்கள், யார் குறைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. நாம் சாப்பிடுகிற நார்ச்சத்தைத் தின்று பிழைக்கிற கிருமிகள் உண்டு. சாப்பாடு வராமல் போனால் சில வகைகள் தேய்ந்துபோகும். சில வகைகள் குடலின் உள்சுவரில் பூசியிருக்கிற வழுவழுப்பையே சுரண்டித் தின்னத் தொடங்கும். வேலியே பயிரை மேய்கிற கதை என்று சொல்லலாம். ஆனால் வேலியைக் குறை சொல்வதில் நியாயமில்லை, அதற்கும் பசிக்கும். நோயினால் கிருமிகள் மாறினவா, கிருமிகள் மாறியதும் நோய்க்கு ஒரு காரணமா என்பது இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மேடம் அதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். பட்டம் இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஒப்பித்துவிட்டு, மதியம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பியதும், ஃப்ரீசரைத் துடைக்கவேண்டும் என்று சொல்லி அறைக்குள் போய்விடுவான். அந்தக் கட்டடத்தில் அவ்வளவு பளபளப்பான ஃப்ரீசர் வேறெங்கும் கிடையாது.

சாயங்காலம் அம்மா போனில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். இவன் கேன்டீன் வாசலில் நின்று, பலகையில் எழுதியிருப்பதை மேலிருந்து கீழாக வாசிப்பான். சூப், முட்டை, காய் இரண்டு வகை, பழம். அம்மாவுக்கு வயிறு நிறையும். யாராவது ஒருத்தருக்கு நிறைந்தால் சரிதானே என்று அவன் நினைத்துக்கொள்வான்.

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால், வீட்டில் தொடங்கியது, ஆனால் நேர் எதிர்த்திசையில். அவன்தான் படிக்கிற பிள்ளை. அதனால் முட்டை வெந்தால் அவனுக்கு, பால் காய்ந்தால் ஆடை அவனுக்கு. தங்கச்சி தட்டைப் பார்ப்பாள். படிக்கிறவனுக்கு வேணும்டி என்று அம்மா அவள் தலையைத் திருப்பிவிடுவாள். ஒரு குடும்பமே வாயைக் கட்டி ஒரு மூளையை வளர்த்தது. மூளை வளர்ந்ததோ என்னவோ, மற்றதெல்லாம் வளர்ந்தது. கல்லூரி விடுதியில் போய் இறங்கிய முதல் வாரமே அவனுக்கு "அண்டா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். படுத்தால் கட்டில் முனகும். பக்கத்துக் கட்டில்காரன் அதற்குப் பின்பாட்டுப் பாடுவான். பட்டம் வாங்க வந்தவனுக்குப் பட்டப்பெயர்தான் முதலில் கிடைத்தது.

அவன் ரோசக்காரன். படிப்பை எப்படிப் பிடித்தானோ அப்படியே பசியையும் பிடித்தான். அட்டவணை போட்டான். தேர்வுக்குப் படிப்பதுபோலப் பட்டினி கிடந்தான். அடுத்த ஆண்டு அதே கட்டில்காரன் வந்து, எப்படிடா இப்படி ஆனே என்று கேட்டான். "கன்ட்ரோல்" என்றான் இவன், ஒரே வார்த்தையில், பரிசு வாங்குகிறவன் மாதிரி. விடுதிக் காப்பாளர் மற்றப் பையன்களிடம் இவனைக் காட்டி, ஆம்பளைன்னா இப்படிக் கன்ட்ரோலா இருக்கணும் என்று சொன்னார். அவனைப் பொறுத்தவரை அது மூன்றாவது பட்டம். மற்ற இரண்டையும் சட்டம் போட்டு மாட்டினான். இதை உடம்பிலேயே போட்டுக்கொண்டான்.

உடம்பு அப்புறம் மெலிந்துகொண்டே இருக்கவில்லை. பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரிவான். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே மட்டும் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிய பஞ்சாயத்து. வெயில் காலத்தில் குளிரும். சீப்பில் முடி சுற்றிக்கொள்ளும். மாடிப்படியில் கண் இருட்டும். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு காரணம் வைத்திருந்தான்: ஃப்ரீசர் அறை, தண்ணீர் சரியில்லை, தூக்கம் பத்தவில்லை. படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த முட்டாள்தனத்துக்கும் பின்னால் ஒரு காரணத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தத் தெரியும்.

டப்பா கொடுக்க வருகிறவர்களோடு தன்னைச் சேர்த்துப் பார்க்க அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவர்கள் நோயாளிகள், இவன் ஒழுங்கானவன். அவர்களில் பெண்கள்தான் அதிகம், இவன் ஆண். அவர்கள் எல்லாரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று அவனாகவே ஒரு முடிவும் கட்டியிருந்தான். கிணறு வெட்டுகிறவர் மகனுக்கு இந்த நோயெல்லாம் கட்டுப்படியாகுமா? அதற்கெல்லாம் ஒரு தகுதி வேண்டாமா?

இப்படி இருக்கையில்தான் மேடம் ஒரு காலைக் கூட்டத்தில் கன்ட்ரோல் ஆட்கள் பத்தவில்லை என்றார். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோய் இல்லாத ஒரு கூட்டம் வேண்டும். ஆராய்ச்சிப் பேச்சில் அந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் கன்ட்ரோல். அதில் இளவயது ஆண்கள் கிடைக்கவே மாட்டேன் என்கிறார்கள், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்றார் மேடம்.

அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று பட்டத்துக்குத் தெரியாதா? அதில் தேர்வே எழுதியிருக்கிறான். ஆனால் காது ஒன்றைக் கேட்டது, நெஞ்சு வேறொன்றைக் கேட்டது. கன்ட்ரோல் ஆள் வேண்டுமாம். இந்த ஆஸ்பத்திரியில் தன்னைவிடக் கன்ட்ரோலான ஆள் யார்? மேடம் சொல்லி முடிக்கும் முன்னால் கை தூக்கிவிட்டான். பிறகு அவனே நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான்: ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், தனக்கு மாலை போடுகிற அர்த்தத்தைத்தான் மனுஷன் எடுத்துக்கொள்கிறான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் தனியறையில் வைத்து அவனைக் கேள்வி கேட்டார். சாப்பாட்டை வேண்டுமென்றே தவிர்க்கிறீர்களா, சாப்பிட்டபின் குற்ற உணர்வு வருகிறதா, இப்படி. அந்தக் கேள்விகளைப் போன வருஷம் கணினியில் அடித்துக் கொடுத்ததே இவன்தான். எதற்கு எந்தப் பதில் சரி என்று அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். நேர்மையாகப் படித்தே முன்னுக்கு வந்தவன் என்று மார் தட்டுகிறவன், வாழ்க்கையில் முதல்முறையாக வினாத்தாளை முன்னாடியே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதினான். எடை பார்த்தார்கள், கோட்டுக்குள்தான் இருந்தது. பரிசோதனையில் தேறிவிட்டான். நர்ஸ் அவன் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்.

அங்கேதான் வம்பு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மேடம் தினமும் பார்சல் வந்துவிட்டதா என்று கேட்பார், இவன் நாளைக்கு மேடம் என்பான். முதுகலைப் பட்டதாரி ஒருவன் காலி டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்த அந்த நாட்களை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் எப்படியோ சமாளித்தான். தன் கையாலேயே குழாயில் அடைத்து, எண் ஒட்டி, அந்த வாரத்துத் தட்டில் நிறுத்தினான். இரண்டு பட்டங்கள் வாங்கியபோதுகூட அவ்வளவு நிம்மதி இல்லை.

அதே வாரம்தான் ஐஸ்பெட்டிப் பெண் வந்தாள். பார்சல் வாங்குகிற சின்ன ஜன்னலில் ஒருநாள் ஓர் இளம்பெண், நீல ஐஸ்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மறுநாள் அவளுக்குச் சிகிச்சை தொடங்குகிறது. சிகிச்சைக்கு முந்தைய பார்சல் ஒன்று, முடிந்தபின் ஒன்று வேண்டும். முந்தையது போனால் போனதுதான், திரும்ப வாங்க முடியாது. பெட்டியை நீட்டும்போது அவள் சொன்னாள்: "அண்ணா, பத்திரம். இது ஒண்ணுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." இவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அப்போது இவன் மேஜைமேல் ஒரு பிஸ்கட் இருந்தது. காலையிலிருந்து அவன் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதாவது பொடியாக உடைத்து உடைத்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். அவள் கண் அதன்மேல் விழுந்தது. சிரிப்பு நின்றது. கொஞ்சம் தயங்கி, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "நீங்களும் அப்படித்தான் உடைப்பீங்களா?"

எறும்புக்குப் போட என்று ஏதோ உளறினான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அறையில் எறும்பே கிடையாது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். பட்டத்துக்கு அன்று முழுக்கக் கோபமாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் இயந்திரங்கள் ஒவ்வொரு குழாயிலிருந்தும் துளி எடுத்து, அதில் எந்தெந்தக் கிருமிகள் என்று வாசித்து முடித்தன. வாசித்ததைப் படமாக்கிக் காட்டுகிறவர் கணக்கு நிபுணர்; அங்கே அவருக்குப் பெயர் "புள்ளிக்காரர்". ஒவ்வொரு ஆளும் திரையில் ஒரு புள்ளி. ஒரே மாதிரிக் கிருமிகள் உள்ளவர்கள் பக்கம் பக்கமாக விழுவார்கள். நோயாளிகள் சிவப்பு, கன்ட்ரோல் நீலம். அங்கங்கே ஒன்றோடொன்று கலந்திருந்தாலும், மொத்தத்தில் சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று தெரிந்தது. மேடம் முகம் மலர்ந்தது. புள்ளிக்காரர் மட்டும் திரையில் ஓர் இடத்தை விரலால் தட்டினார். சிவப்புக் கூட்டத்தின் நடு மத்தியில், கல்யாண வீட்டில் தெரியாமல் நுழைந்தவன் மாதிரி, ஒரு நீலப் புள்ளி.

"இது யாரோட எண்?" என்றார் மேடம்.

பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது, எண் மட்டும்தான். ஆனால் தன் கையால் ஒட்டிய தன் எண்ணைப் பட்டத்துக்குத் தெரியாமல் போகுமா? காதுக்குள் ஒரு ஃப்ரீசர் உறுமியது. ஒரு நீலப் புள்ளி இப்படி வழி தவறுவது சகஜம்தான் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் புள்ளிக்காரர் விடவில்லை. இவ்வளவு நடுவில் போய் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை, குழாய் மாறியிருக்கிறது என்றார். பிறகு பட்டத்தின் பக்கம் திரும்பி, பல நாள் காத்திருந்தவர் போலக் கேட்டார்: "என்ன பட்டம், உங்க லேபிள்தான் மாறவே மாறாதே?"

இரண்டு பெருமைகளில் ஒன்று அன்றைக்குச் செத்தாகவேண்டும். லேபிள் மாறவில்லை என்றால், அந்த நீலம் நீலமில்லை. மாறிவிட்டது என்றால், அவன் வேலைக்கு லாயக்கில்லாதவன். முனைவர் படிப்பு, ஊரில் ஏற்கெனவே ஆகிவிட்ட டாக்டர், எல்லாம் இதில் தொங்கியது. அவன் கொஞ்சமும் யோசிக்காமல் மலிவான பெருமையை விற்றான். "மாறியிருக்கலாம், மேடம்" என்றான். "அந்த வாரம் கொஞ்சம் வேலை அதிகம்."

மேடம் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எது எதோடு மாறியது என்று தெரியாதபோது அந்தத் தட்டில் எதையும் நம்ப முடியாது, தட்டையே விலக்கிவிடுங்கள், குழாய்களையும் அழித்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பட்டம் ஃப்ரீசரைத் திறந்து தட்டை எடுத்தான். கழிவுகளை நீராவியில் வேகவைக்கிற பெரிய இயந்திரம் நடைக்கோடியில் இருக்கிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கண்ணைக் கீழே போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தான். நினைத்தால் போதாதா, கண் கீழேதான் போகும். ஐஸ்பெட்டிப் பெண்ணின் எண் தட்டின் மூலையில் பனி பூத்து நின்றது. சிகிச்சைக்கு முந்தையது. அவளிடமிருந்து இனி எந்தக் காலத்திலும் வாங்க முடியாதது. அவள் பட்ட பாடு என்னவென்று அந்தக் கட்டடத்தில் அவளைத் தவிர ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அதை வேகவைக்க எடுத்துப் போய்க்கொண்டிருக்கிறான். தன் மானத்தைக் காக்க இன்னொருத்தி பட்ட பாட்டை வேகவைக்கிற அளவுக்கு அவன் கன்ட்ரோல் வளர்ந்திருந்தது.

இயந்திரத்தின் கதவு வரைக்கும் போனான் என்பதையும் மறைக்கக் கூடாது. கதவில் கையும் வைத்தான். அப்புறம்தான் திரும்பினான். தட்டு இளகிவிடக் கூடாதே என்று திரும்பும்போது ஓடினான்; அதில் மட்டும் அவன் வேலைக்காரன்தான். ஃப்ரீசரில் வைத்துப் பூட்டிவிட்டு, மேடம் அறைக்குப் போனான். புள்ளிக்காரரும் அங்கேயே இருந்தார். தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தால் நாளைக்குத் தள்ளிவிடுவோம் என்று அவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

"லேபிள் மாறல, மேடம். அந்த நீலப் புள்ளி நான்தான்."

மேடம் அவனை உட்காரச் சொன்னார். அப்புறம், அவன் எதிர்பார்க்காத விதமாக, சிரித்தார். நிம்மதிச் சிரிப்பு. இதற்குத்தானா இப்படி மிரண்டுபோய் நிற்கிறீர்கள் என்றார். ஒரு புள்ளியை வைத்து யாரையும் நோயாளி என்று சொல்ல முடியாது. ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருந்தால் புள்ளி நகரும். வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தால் நகரும். ஆளுக்கு ஆள் இயல்பாகவே மாறும். நுண்ணுயிரியல் படித்தவர் நீங்களே இப்படிப் பயந்தால் எப்படி?

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அறிவியலே கதவைத் திறந்துவிட்டு, வெளியே போ ராஜா என்கிறது. ஆமாம் மேடம், போன மாதம் ஒரு காய்ச்சல் மாத்திரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டும் பிழைக்கும், டாக்டர் பட்டமும் பிழைக்கும், அவனும் இதுவரை பிழைத்த மாதிரியே பிழைத்துக்கொண்டிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவனுக்கே தன்மேல் சிரிப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஜீவன்கள் பேச வாயில்லாமலே தங்களால் ஆனதைச் சொல்லிவிட்டன. வாய் இருக்கிறவன்தான் பாக்கி.

"புள்ளி தப்பா இருக்கலாம், மேடம்" என்றான். "ஆனா நான் சாப்பிடுறதில்ல. நர்ஸ்கிட்ட சொன்னதெல்லாம் பொய். கல்லூரியில இருந்தே இப்படித்தான். நிறுத்த முடியல."

நிறுத்த முடியவில்லை என்பதைத் தன் வாயிலிருந்து அவன் அப்போதுதான் முதல்தடவை கேட்டான். இத்தனை வருஷம் கன்ட்ரோல், கன்ட்ரோல் என்று எதைத் தூக்கிச் சுமந்தானோ, அதன் கடிவாளம் அவன் கையில் இல்லை.

புள்ளிக்காரருக்கு அமைதி பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், அப்போ இந்தப் புள்ளிய என்ன கலர்ல போடறது என்று கேட்டுவைத்தார். மேடம் பார்த்த பார்வையில் அவர் எழுந்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே போனார். நிஜமாகவே கொண்டுவந்தார், இரண்டு டம்ளர்.

அதுவரைக்கும் அவனிடம் "நீங்க" போட்டே பேசிக்கொண்டிருந்த மேடம், தனக்கே தெரியாமல் மாறினார். "ஏன்டா, தினமும் எதிர்லதானே நிக்கிறே. நான் எதைத்தான் பார்த்துட்டு இருந்தேன்?" என்றார். அவன் புள்ளியை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிடச் சொன்னார்; தட்டு இருக்கட்டும் என்றார். நோயாளிகளைப் பார்க்கிற டாக்டருக்கு அவன் எதிரிலேயே போன் போட்டு, நாளைக்கு ஓர் ஆளை அனுப்புகிறேன் என்று சொன்னார். படிப்பைப் பற்றி அவன் கேட்டபோது, அதை அப்புறம் பேசலாம் என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. இன்று வரைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது.

டாக்டரிடம் போனது தனிக் கதை. அவர் நிறையக் கேட்டார், கொஞ்சமாகச் சொன்னார். எல்லாம் சரியாக நாளாகும். கிருமிகளுக்கும் நாளாகும், உங்களுக்கும் நாளாகும் என்றார். முதலில் தனியாகச் சாப்பிடாதீர்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள் என்றார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான மருந்தாக இருந்தது. அவன் இருப்பது மாடியில் ஒற்றை அறை. வீடு பஸ்ஸில் ஒரு பகல் தூரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் சாப்பாட்டைப் போட்டு மூடிவைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினான். எப்படியோ சொல்லி முடித்தான். அந்த நோய்க்கு அம்மா பேசுகிற பேச்சில் ஒரு பெயர் இல்லை. அதனால் நீட்டி நீட்டித்தான் சொல்லவேண்டியிருந்தது. அம்மா முதலில் சம்பளம் போடவில்லையா என்று கேட்டாள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். யாராவது பொண்ணா என்றும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றான். அப்புறம் பின்னால் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

"நான் போட்டதுதான் அதிகமாப் போச்சா, தம்பி?"

இல்லம்மா என்றான். அப்படியும் இருக்குமோ என்று அவனுக்குத் தெரியாது. உடனே அதைத் திருத்தி, தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிட்டான். அதைக் கேட்டு அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் போனை வைக்காதே, சத்தமாக வைத்துத் தட்டுப் பக்கத்தில் வை என்றாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம். நானும் இன்னும் சாப்பிடலை, இப்பத்தான் உக்காரப்போறேன் என்றாள். அது பொய்யாக இருக்கலாம். மணி மூன்றாகப்போகிறது.

அவன் தட்டைத் திறந்தான். அம்மா மென்றுகொண்டே பேசினாள். தங்கச்சி புதிதாகச் சேர்ந்திருக்கிற தையல்கடையில் முதலாளியம்மா ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு கையை நீளமாகவும் ஒரு கையைக் குட்டையாகவும் வெட்டிவிட்டு, இப்போ இதுதான் ஃபேஷன் என்று கொடுத்தனுப்பியதைச் சொன்னாள். அப்பா வெட்டுகிற கிணற்றில் பாறை வந்துவிட்டதைச் சொன்னாள். நடுவில் அப்பா போனுக்குள் தலையை விட்டு, என்னடா ஆச்சு, நல்லாத்தானே இருக்கே என்றார். அம்மா அவரை, நீங்க ஆட்டைப் பிடிச்சுக் கட்டுங்க என்று விரட்டினாள்.

ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஒரு வழக்கே நடந்து முடிந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள் அம்மா.

"பாதிம்மா."

"மீதி?"

"தட்டுலதான் இருக்கு. முடியல."

அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. எல்லோருக்கும் போட்டு முடித்தபின், அடுப்பங்கரையில் நின்றபடி, யாரோ துரத்துகிற மாதிரி அள்ளிப் போட்டுக்கொள்வாள். கையைக் கழுவி வருவதற்குள் அவள் சாப்பாடு முடிந்திருக்கும்.

"இருக்கட்டும்" என்றாள். "எனக்கும் இன்னும் நிறைய இருக்கு. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன்."